மணிக்கட்டு முறிவுக்குப் பின் இயன்முறைச் சிகிச்சை: நேரிலும் செயலி வழியும்

ஊடுகதிர்ப் படம் அறியப்படாத 1814இல், ஆரை எலும்பின் கீழ்முனை முறிவை அயர்லாந்து அறுவை மருத்துவர் ஆபிரகாம் கோலிஸ் பார்த்தும் தொட்டுமே விளக்கினார். அத்தொடுகைக்கு இன்றும் இடமுண்டு. ஏறத்தாழ 6 வாரங்களில் மாவுக்கட்டைப் பிரிக்கும்போது எலும்பு கூடியிருக்கும், மூட்டோ இறுகியிருக்கும். மடக்குதல், நிமிர்த்துதல், உள்ளங்கையை மேலும் கீழும் திருப்புதல் ஆகிய பயிற்சிகளைத் திறன்பேசிச் செயலி நன்கு கற்பிக்கும், நாள்தோறும் நினைவூட்டும். தொலைவிலிருந்து வருவோர்க்குப் பயணமும் மிச்சம். ஆயினும், தோளை அசைத்துவிட்டு முன்கையைத் திருப்பியதாக நோயாளி எண்ணிக்கொள்வதுண்டு. முழங்கையை விலாவோடு சேர்த்துப் பிடித்து அதனைத் திருத்துவது சிகிச்சையாளரின் கை. அதனினும் கவலைக்குரியது சிக்கலான பகுதிசார் வலி நோய்க்குறி. முறிவின் அளவை மிஞ்சிய எரிவலி, வீக்கம், தோலின் நிறமும் வெப்பமும் வியர்வையும் மாறுதல் ஆகியன அதன் அறிகுறிகள். இரு கைகளின் வெப்ப வேறுபாட்டைக் காணொலி காட்டாது. எனவே, கட்டுப் பிரித்தபின் முதற்சந்திப்பையேனும் நேரில் நடத்தி, அதன்பின் பயிற்சியைச் செயலியிடம் விடுவதே தகும். வலி மிகுந்தாலோ விரல்கள் மடங்காவிட்டாலோ மீண்டும் நேரில் காணவேண்டும்.