சவரத்திற்கு உகந்தது பிளேடா, மின்சாரக் கருவியா?

சத்தியவேடு 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று சென்னை இராஜ்யத்தினின்றும் ஆந்திரப் பிரதேசத்திற்கு மாறிய ஊர். முதலில் சித்தூர் மாவட்டத்தில் இருந்த அது, 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்ததாக உள்ளது. தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் இத்தகைய எல்லையூர்களின் முடிதிருத்தும் நிலையங்களில் இன்று இருவகைக் கருவிகள் அருகருகே காணப்படுகின்றன. ஒன்று, பாதியாக ஒடித்த பிளேடைச் செருகிப் பயன்படுத்தும் மடக்குக் கத்தி. மற்றொன்று, மின்சாரத்தால் இயங்கும் சவரக் கருவி. இவற்றுள் எது சிறந்தது என்று களப் பணியாளரையும் ஆசிரியரையும் மக்கள் வினவுவதுண்டு. முகம் எவ்வளவு மழமழப்பாகிறது என்பதைக் கொண்டே பெரும்பாலோர் இதற்கு விடை காண முயல்கின்றனர். அக்கருவி எத்தனை பேருடைய தோலைத் தொடுகிறது என்பதே முதற்கண் கேட்கத் தக்க கேள்வியாகும்.

மயிர் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. தாடி மயிரின் பருமன் ஏறத்தாழப் பத்தில் ஒரு மில்லிமீட்டர். உலர்ந்த நிலையில் அது விறைப்பாக நிற்கும். நீரில் ஊறினால் பருத்து இளகும். வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறிய மயிரை அறுப்பதற்கு வேண்டிய விசை, உலர்ந்த மயிருக்கு வேண்டியதைவிட மிகக் குறைவேயாகும். முடிதிருத்துவோர் கன்னத்தில் நெடுநேரம் நீர் தடவி நுரையைக் குழைப்பது வீண் சடங்கன்று. வீட்டில் அவசரமாகச் சோப்பைத் தடவிய மறுகணமே பிளேடை இழுப்பவர்தாம் முகத்தைக் கீறிக்கொள்கின்றனர்.

எஃகைக் காட்டிலும் மயிர் ஏறத்தாழ ஐம்பது மடங்கு மென்மையானது. அவ்வாறிருக்க, சில நாட்களிலேயே பிளேடு மழுங்குவது எவ்வாறு? இவ்வினாவுக்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த ரோஸ்சியோலி, தாசான் முதலியோர் 2020ஆம் ஆண்டில் விடை கண்டனர். அவர்கள் மின்னணு நுண்ணோக்கியின் கீழ் பிளேடின் விளிம்பைக் கவனித்தபோது, அது தேய்ந்து மழுங்குவதைவிட நுண்ணிய சில்லுகளாக உடைந்து போவதையே கண்டனர். அறுபடும் மயிர் ஒரு பக்கம் வளைகிறது. எஃகின் உள்ளமைப்பு எங்கும் ஒரே சீராக இல்லாத இடத்தில் விசை குவிந்து விளிம்பு பெயர்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பற்களே பழைய பிளேடு தோலைப் பறிப்பதற்குக் காரணம்.

இன்றைய பாதுகாப்பு ரேசர் கிங் ஜில்லெட் என்ற அமெரிக்கரின் முயற்சியால் தோன்றியது. 1903ஆம் ஆண்டில் அவர் விற்றவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளுமே. சாணை பிடிக்கும் தொல்லையின்றி, மழுங்கியதும் தூக்கி எறியலாம் என்பதே அதன் புதுமை. மின்சார ரேசரை 1931ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்தவர் ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி ஜேக்கப் ஷிக். நீரும் சோப்புமின்றிச் சவரம் செய்துகொள்ள ஒரு வழி வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். அக்கருவியின் அன்றைய விலை 25 டாலர்.

மின்சார ரேசரில் நுண்துளைகள் கொண்ட மெல்லிய எஃகுத் தகடு தோலின்மீது படிகிறது. துளை வழியே உள்ளே நீளும் மயிரைத் தகட்டின் அடியில் அசையும் வெட்டுவாய் கத்தரிக்கோலைப் போல் நறுக்குகிறது. தோலுக்கும் வெட்டுவாய்க்கும் இடையே தகடு இருப்பதால் தகட்டின் கனமளவு மயிர் எஞ்சியே தீரும். நெருக்கமாக மழிப்பதில் பிளேடே சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்நெருக்கம் எல்லோர்க்கும் நன்மையன்று. சுருண்ட மயிருடையவர்களுக்குத் தோல் மட்டத்தின் கீழ் வெட்டுண்ட முனை மீண்டும் தோலைத் துளைத்து உட்புறமாக வளர்ந்து, கழுத்திலும் தாடையிலும் கொப்புளங்களை உண்டாக்கும். இவர்களுக்கு மின்சாரக் கருவியே ஏற்றது. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர், புண் எளிதில் ஆறாத நீரிழிவு நோயாளர், கை நடுங்கும் முதியோர் ஆகியோர்க்கும் அவ்வாறே. அவர்கள் தமக்கென ஒரு கருவியை வாங்கித் தாமே பயன்படுத்த வேண்டும்.

அதற்கு ஆகும் மின்சாரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆறு வாட் கருவியை நாள்தோறும் ஐந்து நிமிடம் இயக்கினால் ஆண்டு முழுதும் கால் யூனிட்டுக்கும் குறைவாகவே செலவாகும்.

வேறொரு தடை உண்டு. செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் சவரம் செய்துகொள்ளாத வழக்கம் இப்பகுதிக் குடும்பங்கள் பலவற்றில் உள்ளது. வயல் வேலை மிகுந்த காலத்தில் வாரம் ஒரு முறையோடு நின்றுவிடுவதும் உண்டு. நான்கைந்து நாள் வளர்ந்த மயிர் தோலோடு படிந்துவிடுமாதலால் தகட்டின் துளைக்குள் நுழையாது. கருவி வெறுமனே உறுமிக்கொண்டு அதைப் பிடுங்கும். மண்டல விரதம் முடித்துத் திரும்புபவரின் தாடிக்கு அது சிறிதும் பயன்படாது. நாள்தோறும் சவரம் செய்துகொள்பவருக்கே, எடுத்துக்காட்டாக அருகிலுள்ள ஸ்ரீசிட்டித் தொழிற்சாலைகளில் முறைப்பணிக்குச் செல்பவருக்கே, அது முழுப் பயன் தரும்.

பழக்கத்தை அறியாமல் கருவி செய்வோர் இடறுவதற்கு ஜில்லெட் நிறுவனத்தின் அனுபவமே சான்று. இந்தியாவிற்கென வடிவமைத்த ஒரு ரேசரை அந்நிறுவனம் முதலில் அமெரிக்காவில் பயின்ற இந்திய மாணவர்களிடம் சோதித்தது. அவர்களுக்கு அது பிடித்திருந்தது. இந்தியாவுக்கு வந்ததும் மயிர் அடைத்துக்கொண்டு பயனற்றுப் போயிற்று. இங்கே பலர் குழாயடியில் ரேசரை அலசுவதில்லை, ஒரு குவளை நீரில் தோய்த்தே சவரத்தை முடித்துக்கொள்கின்றனர் என்பதை வடிவமைத்தோர் கருதவில்லை. பின்னர் அலச எளிதான ஒற்றைப் பிளேடு ரேசரை 15 ரூபாய் விலையில் 2010ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இனி, பொது நிலையங்களைப் பற்றி. சவரத்தின்போது இரத்தம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தோலில் நுண்ணிய வெட்டுகள் உண்டாகின்றன. கல்லீரல் அழற்சி பி வகை வைரஸ் உடலுக்கு வெளியே ஏழு நாட்களேனும் உயிர்ப்புடன் இருக்க வல்லது. நோயாளியின் இரத்தம் படிந்த ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு இந்நோய் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 6 முதல் 30 வரை. எய்ட்ஸ் வைரசுக்கு அது நூற்றுக்கு ஒன்றில் மூன்றிலொரு பங்கே. சவரக்கத்தியின் கீறல் ஊசியைப் போல் ஆழமானதன்று. எனினும் மக்கள் மிகுதியாக அஞ்சும் நோயைவிட, அவர்கள் பெயரே அறியாத நோய்க்கு அங்கு அதிகம் அஞ்ச வேண்டும் என்பது இதனால் விளங்கும். பி வகைக்கான தடுப்பூசி தேசியத் திட்டத்தின் கீழ் 2011 முதலே நாடெங்கும் பரவிற்று. அதற்கு முன் பிறந்தோரில் பலர் அதைப் பெறவில்லை. சி வகைக்குத் தடுப்பூசியே இல்லை.

இங்கேதான் விலை குறைந்த பிளேடு விலை உயர்ந்த இயந்திரத்தை வெல்கிறது. பாதி பிளேடை ஒருவருக்குப் பயன்படுத்தியதும் எறிந்துவிடலாம். மின்சார ரேசரின் தகட்டை அவ்வாறு எறிய இயலாது. மோட்டார் உள்ள கருவியைக் கொதிநீரில் போடவும் இயலாது. சிறு தூரிகையால் துடைப்பது மயிர்த்துகளை அகற்றுமேயன்றி வைரசை அழிக்காது. ஆகவே நாற்காலியில் அமர்பவர் தம் கண்ணெதிரே உறையைப் பிரித்துப் புதிய பிளேடு செருகும்படி கேட்பதே முறை. அது கடைக்காரரை அவமதிப்பதாகாது. அவர் விரலுக்கும் அதுவே காப்பு. பிளேடைப் புதிதாக மாற்றிவிட்டு, வந்தவர் அனைவர் முகத்திலும் அதே படிகாரக் கட்டியைத் தேய்ப்பதும் பயனற்ற செயலே. படிகாரத்தைத் தூளாக்கிப் பஞ்சில் தொட்டு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒற்றலாம்.

பெருந்திரளுக்கு இம்முறை இயலுமா என்று ஐயுறுவோர், அதே மாவட்டத்திலுள்ள திருமலைக் கல்யாணக் கட்டாவைக் காணலாம். நாள்தோறும் பல்லாயிரம் யாத்திரிகர் முடி காணிக்கை செலுத்தும் அவ்விடத்தில் வேலை நடப்பது மின்சார இயந்திரத்தால் அன்று. பிடியில் செருகிய பாதி பிளேடே அங்கும் கருவி.

ஒவ்வொருவருக்கும் வெட்டுமுனையையே மாற்ற இயலுமாயின் கதை வேறு. அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளியின் மயிரைச் சவரக்கத்தியால் மழிக்கலாகாது என்றும், நீக்கியே ஆகவேண்டுமெனில் கத்தரிப்பு இயந்திரத்தால் மட்டும் நீக்குக என்றும் உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டில் வலியுறுத்தியது. பிளேடு விட்டுச்செல்லும் நுண்கீறல்களில் பாக்டீரியா பெருகி, அறுத்த இடம் சீழ்ப்பிடிக்க ஏதுவாகும். கத்தரிப்பு இயந்திரம் தோலை ஒட்டிச் சிரைப்பதில்லை. அதன் முனையும் ஒரு நோயாளியோடு கழித்துவிடும்படி கிடைக்கிறது.

பிளேடின் வரலாற்றில் சவரத்தோடு தொடர்பில்லாத பகுதியொன்றும் உண்டு. கிராமங்களில் பிறந்த குழந்தையின் கொப்பூழ்க் கொடியை அரிவாளாலோ மூங்கில் சிம்பாலோ அறுத்த காலத்தில், அதன் வழியே புகுந்த இரண ஜன்னி எண்ணற்ற சிசுக்களைக் கொன்றது. மருத்துவச்சிகளுக்குக் கற்பித்த ஐந்து தூய்மைகளுள் ஒன்று தூய பிளேடு. சோப்பு, நூல், பிரிக்காத புதிய பிளேடு ஆகியவை அடங்கிய பிரசவப் பொட்டலங்கள் வழங்கப்பட்டன. தாய்மார்க்குப் போட்ட தடுப்பூசியும், மருத்துவமனைப் பிரசவம் பெருகியதும் இதனோடு சேர்ந்தன. 2015ஆம் ஆண்டில் இந்தியாவில் தாய்க்கும் சிசுவிற்கும் வரும் இரண ஜன்னி பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதவாறு ஒழிந்தது என உறுதி செய்யப்பட்டது.

எறியும் பிளேடு எங்கே போகிறது என்பதையும் பார்த்தல் வேண்டும். குப்பையில் வெறுமனே போட்டால் துப்புரவுப் பணியாளரின் கையை அது வெட்டும். மூடியில் சிறு பிளவு வெட்டிய தகரக் குவளை ஒன்றைச் சுவரில் மாட்டி அதற்குள் போட்டுவருவது எளிது. ஒரு வீட்டுக்கு அது பல ஆண்டுகளுக்குப் போதும். ஆசிரியர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: பென்சில் சீவுவதற்கென்று மாணவர் பலர் பெட்டியில் வைத்திருக்கும் பாதி பிளேடு. பெரும்பாலும் அது தந்தையார் முகச் சவரம் செய்துவிட்டுக் கழித்தது. வகுப்பில் அது கைக்குக் கை மாறி, பல விரல்களைக் கீறுகிறது. அதனைப் பறிமுதல் செய்வதோடு நில்லாமல், பென்சில் சீவும் திருகி ஒன்றை வகுப்பு மேசையில் வைத்துவிட்டால் பிள்ளைகள் பிளேடைத் தேட மாட்டார்கள்.