வடம் நிறுத்தாது
சக்கரத்தின் பாதை – 17

காருக்கும் அதன் பின்னால் வரும் சிறு கேரவனுக்கும் நடுவில் இருக்கும் கொக்கியைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். இழுக்கும் விஷயம் அதோடு முடிந்தது. இழுத்ததை எப்படி நிறுத்துவது? அதற்கு நான் முதலில் காட்டுவது ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியைத்தான்.

ஆடிப்பூரத்தன்று ஆண்டாளும் ரெங்கமன்னாரும் எழுந்தருளிய தேரை ஆயிரக்கணக்கான பேர் வடம் பிடித்து இழுக்கிறார்கள். எல்லார் கண்ணும் வடத்தின் மேல். என் கண்ணோ சக்கரத்தை ஒட்டிக் குனிந்தபடி நகரும், தடி போடுகிறவர்கள் மேல்தான் நிற்கும். வடத்துக்கு இழுக்கத்தான் தெரியும். பிடித்தவர்கள் நின்றால் வடம் தொய்ந்துபோகும். தேர் தன் பாட்டுக்கு உருளும். ஆகவே நிறுத்தும் வேலை தேரின் சக்கரத்திலேயே நடக்க வேண்டும். எந்தப் பக்கச் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே தேர் வீதி முனையில் திரும்பவும் செய்கிறது. சக்கரத்துக்கும் தரைக்கும் இடையில் கையை நீட்டி, சரியான கணத்தில் கட்டையைக் கொடுத்து விலகுவது பெரிய வித்தை. உயிரைப் பணயம் வைக்கும் வித்தையும்கூட.

மரச்சக்கரக் காலத்தில் நிலைக்கு வர நாள்கணக்காகும் அந்தத் தேர், இரும்புச் சக்கரம் வந்தபின் சில மணி நேரத்தில் வந்துவிடுகிறது. திருவாரூர் ஆழித்தேர் 1948-க்குப் பின் ஓடாமல் நின்று, 1970-ல் மறுபடி ஓடியது. திருச்சி பெல் நிறுவனம் அதற்கு இரும்பு அச்சும் சக்கரமும் செய்து, ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்தது. சக்கரம் லேசாக உருளத் தொடங்கியதும் கட்டை மட்டும் போதாமல் போனது.

இனி ராஜபாளையம் சாலைக்கு வருவோம். சிவகிரி, வாசுதேவநல்லூர் பக்கம் கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர்களை எல்லாரும் பார்த்திருப்போம். டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையென்றால் மொத்தச் சுமையையும் டிராக்டர்தான் தாங்கி நிறுத்த வேண்டும். வடமாவது தொய்யும். டிராக்டரையும் டிரெய்லரையும் இணைக்கும் இரும்புக் கம்பி தொய்யாது, முன்வண்டியைத் தள்ளும். வளைவில் அந்தத் தள்ளல் பக்கவாட்டில் விழுந்தால் இரண்டு வண்டியும் கத்தரிபோல் மடங்கிக்கொள்ளும்.

கேரவனுக்கும் இதே கதிதான். 1,500 கிலோ காரின் பின்னால் 750 கிலோ கேரவன் என்றால், அதே வேகத்தில் நிறுத்த வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்கு. ஐரோப்பாவில் 750 கிலோவைத் தாண்டிய டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம். ஆஸ்திரேலியாவிலும் அதே எல்லைதான். காரின் பிரேக் எண்ணெய்க் குழாயைப் பின்வண்டி வரை நீட்டுவது சிரமம், ஆபத்தும்கூட. ஆனால் மின்கம்பியைச் சுலபமாகக் கொண்டுபோகலாம். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் மின்சார பிரேக் பரவியதற்கு இது முக்கியக் காரணம்.

கேரவன் சக்கரத்தின் பிரேக் டிரம்முக்குள் ஒரு நெம்புகோல். அதன் நுனியில் ஒரு மின்காந்தம். டிரைவர் பிரேக்கை மிதித்ததும் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து காந்தத்துக்கு மின்சாரம் போகும். ஒரு காந்தம் சுமார் 3 ஆம்பியர்தான் எடுக்கும். காந்தம் சுழலும் டிரம்மின் உள்முகத்தில் ஒட்டி, அதோடு இழுபடும். நெம்புகோல் திரும்பும்; பிரேக் ஷூ விரிந்து டிரம்மை அழுத்தும். டிரம்மை நிறுத்தும் பலத்தை டிரம்மின் சுழற்சியே கொடுக்கிறது! இந்த ஏற்பாட்டை யோசித்தவரை நான் மனதாரக் கும்பிடுகிறேன். பின்னோக்கிப் போகும்போது மட்டும் பிடிப்பு குறையும்.

எவ்வளவு மின்சாரம் என்பதை முடிவுசெய்வது டிரைவர் அருகில் இருக்கும் கண்ட்ரோலர். மலிவானது, நாம் வைத்த அளவை மெல்ல ஏற்றி அனுப்பும். நல்லது, காரின் வேகம் எவ்வளவு விரைவாகத் தணிகிறது என்று உணர்ந்து அதற்கேற்ப அனுப்பும். மலைப்பாதைக்கு இரண்டாவதைத்தான் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ராஜபாளையத்திலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாக ஆரியங்காவு தாண்டுகிறவர்களுக்குத் திரும்பி வரும்போது புளியரை எஸ் வளைவு இறக்கத்தில் இருக்கிறது. முன்னும் பின்னும் கனரக லாரிகள். அங்கே கேரவன் வாலாட்டத் தொடங்கினால் கார் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. கண்ட்ரோலரில் இருக்கும் சிறு கைப்பிடியைத் தள்ளினால் பின்வண்டியின் பிரேக் மட்டும் பிடித்து வண்டியை நேராக்கும். இதைத் தட்டையான, ஆளில்லாத சாலையில் பழகிவிட்டுத்தான் மலையேற வேண்டும். சாமான் ஏற்றியதற்கும் வெறும் வண்டிக்கும் தனித்தனியாக அளவு வைத்துப் பார்க்கவும் வேண்டும்.

கடைசியாக, கொக்கி விட்டுப்போனால்? கேரவனில் தனியாக ஒரு சிறு பேட்டரியும் ஒரு சுவிட்சும் இருக்கும். சுவிட்சின் முளையிலிருந்து ஒரு கம்பி கார் வரை வரும். வண்டி பிரிந்தால் கம்பி முளையைப் பிடுங்கும். கேரவனின் பிரேக் தானே பிடித்து, குறைந்தது 15 நிமிடம் விடாமல் நிற்கும். அந்தக் கம்பியைக் கொக்கியில் மாட்டிவிடுகிறவர்கள் உண்டு. கொக்கியே கழன்றால் கம்பியும் அதோடு போய்விடும். காரின் சட்டத்தில் தனியாக மாட்டுங்கள்.

(தொடரும்)