வெண்கலத்தின் திணை

திருகோணமலையில் 1950ஆம் ஆண்டு கிணறு வெட்டியவர்கள் மண்ணுக்குள்ளே பழைய வெண்கலத் திருவுருவங்களைக் கண்டனர். சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி ஆகியோர் அவற்றுள் அடங்குவர். இரண்டாம் வாக்கியத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். 'அவற்றுள்' அஃறிணை, 'அடங்குவர்' உயர்திணை. தமிழாசிரியர் சிவப்பு மை எடுப்பார். ஆயினும் திருத்த எனக்கு மனமில்லை. கலை என்பது யாது, காட்சி என்பது யாது என்ற வழக்கு முழுவதும் அந்த வாக்கியத்துக்குள்ளே கிடக்கிறது.

சம்பந்தர் பாடிய கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்தனர்; அதன் கற்கள் கோட்டைக்குப் போயின. அதன்பின் மலையுச்சியில் மூர்த்தியுமில்லை, மண்டபமுமில்லை. எனினும், 19ஆம் நூற்றாண்டிலே பூசகர் ஒருவர் வெறும் பாறையில் நின்று கடலை நோக்கிப் பூசனைப் பொருள்களை எறிந்து வழிபட்டதை வெளிநாட்டார் குறித்துள்ளனர். புனிதம் பொருளின் இயல்பன்று, சமூகம் அதனைப் பிறவற்றினின்றும் விலக்கி வைப்பதால் வருவது என்று 1912இல் எழுதிய பிரெஞ்சுச் சமூகவியலார் துர்க்கைம் இதனைத் தமக்குச் சான்றாகக் கொள்ளலாம். எனக்கு அது பாதி விடையாகவே தோன்றுகிறது. விலக்கி வைப்பதற்கு அந்தச் செங்குத்துப் பாறையே ஏன் வாய்த்தது? அதன் விளிம்பில் நின்று கீழே கடலைப் பார்த்தவனுக்குச் சமூகவியல் சற்று நேரம் மறந்துபோகும்.

பொலன்னறுவையின் சிவாலயங்களில் 1907, 1908ஆம் ஆண்டுகளில் கிடைத்த வெண்கலங்களுக்கோ வேறு விதி அமைந்தது. அவை கொழும்பு நூதனசாலையை அடைந்தன. ஆனந்த குமாரசுவாமி 1914இல் வெளியிட்ட இலங்கை வெண்கலங்கள் பற்றிய நூல் பெரும்பாலும் அங்குள்ளவற்றையே ஆராய்ந்தது. அவருடைய உறவினரான சேர் பொன்னம்பலம் அருணாசலமோ அப்பொலன்னறுவைத் திருவுருவங்களைச் சிவ வழிபாட்டின் தத்துவங்கொண்டு விளக்கினார். ஒரே வெண்கலம், ஒரே குடும்பத்து அறிஞர் இருவர், நோக்குகள் இரண்டு.

அழகை நுகர்பவன் அப்பொருளிடம் எந்த வேண்டுதலும் இல்லாதவனாக நிற்கவேண்டும் என்பது காண்ட் 1790இல் வகுத்த நெறி. நூதனசாலை அந்நெறிக்கு ஏற்ற கூடம். அங்கே ஆடையின்றி, மாலையின்றி, இடுப்பின் வளைவும் விரல் நுனியும் தெரிய வெண்கலம் நிற்கும். கோயிலிலே அதே கைத்திறனைக் காண இயலாது. பட்டும் சந்தனமும் பூவும் மூட, முகம் மட்டுமே எஞ்சும். சிற்பியின் உழைப்பில் பெரும்பகுதியை மறைத்துவிட்டு, "என்ன அழகு!" என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். காண்ட் இதை எந்தக் கணக்கில் வைப்பார்?

விடை கண்ணில் இருக்கிறது. உருவம் முற்றுப்பெறுவது கண் திறக்கும் சடங்கோடுதான். சிங்கள மக்களிடையே இதற்கு நேத்திர மங்கல்யம் என்று பெயர். கலைஞன் புத்தரின் முகத்தை நேரே நோக்காமல், கண்ணாடியிலே பார்த்துக் கண்களை வரைவான். அந்த முதல் நோக்கு அத்துணை வலியது. குமாரசுவாமி 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலிலேயே இச்சடங்கை விவரித்தார். மானிடவியலார் ஆல்பிரட் ஜெல் 1998இல் வெளிவந்த நூலில், இத்தகைய உருவங்கள் பார்க்கப்படும் பொருள்கள் அல்ல, நம்மேல் செயல்படும் ஆட்கள் என்று வாதித்தார். நன்னூலார் தேவரை மக்களோடு சேர்த்து உயர்திணையில் வைத்ததை அவர் அறிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். தமிழில் சிலையைப் 'பார்க்கிறோம்', மூர்த்தியைத் 'தரிசிக்கிறோம்'. பின்னதில், நம்மையும் ஒருவர் பார்க்கிறார்.

நூதனசாலையைப் பழிப்பது என் நோக்கமன்று. அது இல்லையேல் 1914இன் நூல் இல்லை. உலோகத்தின் அழகை நம்மவர் பலர் அறிந்ததும் அந்நூல் வழியே. ஆனால், கலைப்பொருள்களைக் காட்சிக்கு வைப்பது எதற்காக என்று குமாரசுவாமியே 1943இல் ஒரு நூலின் தலைப்பாகக் கேட்டார். பாஸ்டன் நூதனசாலையில் கால் நூற்றாண்டுக்கு மேல் பணியாற்றியவர் கேட்ட கேள்வி அது.

கிணற்றில் கிடைத்த மூர்த்திகள் மீண்டும் பூசைக்கு எழுந்தருளினர். புதிய கோயிலுக்கு 1963இல் கும்பாபிஷேகம் நடந்தது. மாணவரைக் கொழும்புக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். உற்சவ மூர்த்திகளின் பீடங்களிலே துளைகளோ வளையங்களோ இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் அவை பயனற்றவையாய்த் தோன்றும். தண்டு கோத்துத் தோளிலே ஏற்றி, கோயிலுக்கு வர இயலாதவனின் தெருவுக்கும் கொண்டுபோவதற்காக வார்த்தவை அவை. உயரத்தையும் நூற்றாண்டையும் குறித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு அந்தத் துளைகளையும் காட்டுங்கள்.