ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு போன்!

வெள்ளிக்கிழமை ராத்திரி. பாக்கெட்டில் சம்பளம். சிநேகிதர்களோடு அரட்டை அடித்துவிட்டு வெளியே வருகிறீர்கள். வாசலில் போலீஸ் வேன். ''ஏறு!'' என்கிறார்கள். ''எதுக்கு சார்?'' என்று கேட்கிறீர்கள். போச்சு, கேட்டதுதான் குற்றம்!

1970-ல் சிட்னியின் ரெட்ஃபெர்ன் பேட்டையில் ஆஸ்திரேலியப் பழங்குடி இளைஞர்களுக்கு வாரக் கடைசி இப்படித்தான் விடிந்தது. இருட்டியபின் தெருவில் தென்பட்டாலே வேன்தான். எங்கேயும் எழுதி வைக்காத ஊரடங்கு உத்தரவு! கெட்ட வார்த்தை பேசினான், கைதாக மறுத்தான், போலீஸைத் தாக்கினான் என்று வரிசையாக மூன்று கேஸ். இந்த மூன்றுக்கும் சேர்த்து அங்கே ஒரு செல்லப் பெயரே உண்டு: 'ட்ரைஃபெக்டா'. ரேஸில் முதல் மூன்று குதிரைகளை வரிசை பிசகாமல் சொல்லி ஜெயிக்கிற பந்தயத்தின் பெயர் அது!

பால் கோ, கேரி ஃபோலி, கேரி வில்லியம்ஸ் போன்ற பழங்குடி இளைஞர்கள் கல்லை எடுக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்கள். யாரை எத்தனை மணிக்கு ஏற்றினார்கள், போலீஸ்காரரின் நம்பர் என்ன என்று குறித்துக்கொண்டார்கள். சட்டப் பேராசிரியர் ஹால் வூட்டன் கைகொடுத்தார். வக்கீல்கள் காசு வாங்காமல் கோர்ட்டுக்கு வந்தார்கள். பழங்குடியினருக்கான ஆஸ்திரேலியாவின் முதல் சட்ட உதவி அமைப்பு அப்படித்தான் பிறந்தது.

ஆனால் வக்கீல் வருவது காலையில். லாக்கப்பில் உயிர் போவது ராத்திரியில்!

காவலில் நேர்ந்த 99 மரணங்களை ராயல் கமிஷன் விசாரித்தது. கமிஷனர்களில் அதே வூட்டனும் ஒருவர். 1991-ல் வந்த அறிக்கையில் 339 பரிந்துரைகள். அதில் ரொம்பச் சின்னது இது: பழங்குடியினரைப் பிடித்தால் உடனே சட்ட உதவி அமைப்புக்கு போலீஸ் போன் பண்ணவேண்டும். அவ்வளவுதான்!

நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் இதை விதியாகவே ஆக்கியது. 24 மணி நேரமும் ஒரு வக்கீல் போன் பக்கத்தில். அவர் எடுத்ததும் சட்டம் பேசமாட்டார். ''உடம்பு எப்படி இருக்கு? அடி ஏதும் பட்டிருக்கா? மாத்திரை சாப்பிடறீங்களா? வீட்ல யாருக்குச் சொல்லணும்?'' இதெல்லாம் கேட்டபிறகுதான் கேஸ் விவகாரம்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் இந்த ஏற்பாடு இல்லை. 2014-ல் அங்கே 22 வயதுப் பெண் ஒருத்தி, 3,622 டாலர் அபராத பாக்கிக்காக லாக்கப்பில் போடப்பட்டாள். வலிக்கிறது என்று கதறினாள். 'நடிக்கிறாள்' என்று நினைத்தார்கள். செத்துப்போனாள். போன் சேவை அங்கே வந்தது 2019-ல்!

போன் இருந்த மாநிலத்திலும் ஓட்டை இருந்தது. 2016-ல் மெய்ட்லாண்ட் ஸ்டேஷனில் 36 வயதுப் பழங்குடிப் பெண் இறந்தார். போன் போகவில்லை. ஏன்? அவர் 'கைது' ஆகவில்லையாம். போதையில் இருந்ததால் 'பாதுகாப்புக்காக' வைத்திருந்தார்களாம். அதற்கு போன் பண்ணச் சொல்லி விதியில் இல்லை. பிறகுதான் விதியைத் திருத்தினார்கள்.

ஆஸ்திரேலியாவில் நூறு பேரில் பழங்குடியினர் நாலு பேர்கூட இல்லை. ஜெயிலிலோ ஏறக்குறைய மூன்றில் ஒருவர். இதை ஒரு போன் மட்டும் மாற்றிவிடாதுதான். ஆனால், கதவு சாத்திய அறைக்குள் வெளியிலிருந்து ஒரு குரல் நுழைகிறதே!

நடுராத்திரியில் போன் அடித்தால் நமக்கெல்லாம் பக்கென்கிறது. அங்கே, அது அடிக்காவிட்டால்தான் பயம்!