'சும்மா சொல்றா'னு சொல்லாதீங்க... எம்.எஸ் நோயின் வலி வெளியே தெரியாது!

செருப்பு மாட்டக் குனிகிறீர்கள். கழுத்திலிருந்து முதுகுத்தண்டு வழியாகக் கால் வரை கரன்ட் பாய்ந்ததுபோல ஒரு சுரீர். ஒன்றிரண்டு நொடிதான், நிமிர்ந்தால் போய்விடுகிறது. வீட்டில் சொன்னால், ‘தலையணையைச் சரியா வெச்சுப் படுத்திருக்க மாட்ட’ என்பார்கள். நரம்பியல் மருத்துவரிடம் சொன்னால் அவர் அப்படி விட்டுவிட மாட்டார். ‘லெர்மிட் அறிகுறி’ என்று இதற்குப் பெயரே இருக்கிறது. கழுத்தெலும்புத் தேய்மானத்திலும் வைட்டமின் பி12 குறைபாட்டிலும்கூட இது வரலாம். ஆனால், இளம் வயதினருக்கு வந்தால் மருத்துவர்கள் முக்கியமாகச் சந்தேகிப்பது ‘மல்ட்டிபிள் ஸ்க்ளீரோசிஸ்’ நோயை. சுருக்கமாக எம்.எஸ்.

கரன்ட் வயரைச் சுற்றி பிளாஸ்டிக் உறை இருப்பதுபோல, நம் நரம்பு இழைகளைச் சுற்றி ‘மயலின்’ என்ற உறை இருக்கிறது. மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றில் உள்ள இந்த உறையை உடலின் நோய் எதிர்ப்பு சக்தியே தாக்கி அரித்துவிடுவதுதான் எம்.எஸ். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தலைகாட்டும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம்.

பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 1868-லேயே இந்த நோயைத் தெளிவாக விவரித்துவிட்டார். ஆனாலும், இது வலியில்லாத நோய் என்றுதான் மருத்துவ உலகம் நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தது. பார்வை மங்குவது, நடை தள்ளாடுவது, கை கால் மரத்துப்போவது ஆகியவைதான் பேசப்பட்டன. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2013-ல் வெளியான ஓர் அலசல், எம்.எஸ் உள்ளவர்களில் சுமார் 63 சதவிகிதம் பேருக்கு வலி இருப்பதாகச் சொன்னது. மூன்றில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்!

பாராசிட்டமால் ஏன் கேட்பதில்லை?

மெடிக்கல் ஷாப்பில் நாமே வாங்கிப் போடும் மாத்திரைகள், அடிபட்ட இடத்து வீக்கம், காய்ச்சல் உடம்புவலி போன்றவற்றுக்கானவை. எம்.எஸ்-ஸில் காலில் எரிச்சல் என்றால், காலில் ஒன்றுமே இருக்காது. உறை உரிந்த நரம்பு மூளைக்குத் தப்பான தகவலை அனுப்பிக்கொண்டிருக்கும். அதனால்தான் வலிப்பு நோய்க்கும் மனச்சோர்வுக்கும் பயன்படும் மருந்துகளை மருத்துவர் எழுதுகிறார். கபாபென்டின், பிரீகாபலின், அமிட்ரிப்டிலின், டுலோக்ஸெடின் போன்றவை அவை. கூகுளில் தேடிவிட்டு ‘எனக்கு எதுக்கு டிப்ரஷன் மாத்திரை?’ என்று நிறுத்திவிடாதீர்கள். இவை நரம்பின் அதீதத் துடிப்பைத் தணிப்பவை. குறைந்த அளவில் தொடங்கி மெள்ள மெள்ளக் கூட்டுவார்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். தூக்கக் கலக்கமும் தலைசுற்றலும் வரக்கூடும் என்பதால், ஏற்கெனவே நடை தள்ளாடுபவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை.

பல்லைப் பிடுங்கியும் போகாத வலி

எம்.எஸ் வலிகளில் மிகக் கொடூரமானது முகத்தில் வருவது. ‘ட்ரைஜெமினல் நியூரால்ஜியா’ என்பார்கள். பல் துலக்கினால், சோற்றை மென்றால், ஃபேன் காற்று பட்டால்கூடக் கன்னத்தில் மின்னல் வெட்டும். பல் வலி என்று நினைத்து, நல்ல பற்களைப் பிடுங்கிக்கொண்டவர்களும் உண்டு. இதற்கு முதலில் தரப்படும் மருந்து கார்பமசெபின். சிலருக்கு இது கடுமையான தோல் பாதிப்பை உண்டாக்கும். மாத்திரை தொடங்கிய பிறகு உடம்பில் தடிப்போ, வாய்ப்புண்ணோ வந்தால், அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மார்பையோ வயிற்றையோ சுற்றி பெல்ட் போட்டு இறுக்குவதுபோல வரும் வலியை வெளிநாட்டு நோயாளிகள் ‘எம்.எஸ் அணைப்பு’ என்கிறார்கள். இவ்வளவு அன்பான பெயரை இந்த வேதனைக்கு யார் வைத்தார்களோ! ஒன்று மட்டும் முக்கியம். எம்.எஸ் இருப்பவர் என்றாலும், நெஞ்சு இறுக்கம் புதிதாக வந்தால் முதலில் இதயத்தைத்தான் பரிசோதிக்க வேண்டும்.

பார்வை நரம்பில் அழற்சி ஏற்பட்டால், கண்ணை அசைக்கும்போது வலிக்கும், பார்வையும் மங்கும். இதைத் தள்ளிப்போடவே கூடாது. பெரும்பாலும் சில நாள்கள் ஸ்டீராய்டு மருந்தை நரம்பு வழியாக ஏற்றுவார்கள்.

ராத்திரியில் கால் விறைத்து, கெண்டைக்கால் சதை சுருட்டிப் பிடிக்கும் வலி வேறு ரகம். பேக்லோஃபென், டிசானிடின் மாத்திரைகளும், பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் நீட்சிப் பயிற்சிகளும் உதவும். ‘இப்போ பரவாயில்லையே’ என்று பேக்லோஃபெனைச் சட்டென நிறுத்துவது ஆபத்து. வலிப்புகூட வரலாம். மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, இறுக்கமான செருப்பு போன்ற சின்ன விஷயங்களும் விறைப்பைக் கூட்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

தள்ளாடி நடப்பதால் வரும் இடுப்பு வலியும் முழங்கால் வலியும் தனி. அவற்றுக்குச் சாதாரண வலி மாத்திரை கேட்கலாம். ஆக, ‘வலிக்குது’ என்பதோடு நிறுத்தாமல் எரிகிறதா, குத்துகிறதா, இழுக்கிறதா, எந்த நேரத்தில், எதைச் செய்யும்போது என்று போனில் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். பாதி சிகிச்சை அந்தக் குறிப்பில் இருக்கிறது. நோயைக் கட்டுப்படுத்த ஊசி போட்டுக்கொள்கிறோமே, வலியும் தானாகப் போய்விடும் என்று காத்திருக்க வேண்டாம். இரண்டுக்கும் சிகிச்சை வேறு வேறு.

வெந்நீர் ஒத்தடம்... கொஞ்சம் பொறுங்க!

எந்த வலிக்கும் நம் வீடுகளில் முதலில் அடுப்பில் ஏறுவது வெந்நீர்தான். ஆனால், எம்.எஸ் உள்ளவர்கள் பலருக்கு உடல் சூடு சற்று ஏறினாலே அறிகுறிகள் அதிகமாகும். ஜெர்மன் கண் மருத்துவர் ஊட்ஹாஃப் 1890-ல் கவனித்துச் சொன்னது இது. உடல் குளிர்ந்தால் சரியாகிவிடும். மரத்துப்போன காலில் சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும் அபாயமும் உண்டு. கத்திரி வெயிலில் வெளி வேலைகளைக் காலையிலேயே முடித்துவிடுவது, ஈரத்துணியைக் கழுத்தில் போட்டுக்கொள்வது போன்றவை பலன் தரும்.

வெளியே பார்த்தால் ‘நல்லாத்தானே இருக்கா’ என்று தோன்றும் நோய் இது. மாமியாரிடமும் மேனேஜரிடமும் தினம் தினம் வலியை நிரூபிக்க வேண்டியிருப்பது, மருந்தில்லாத இன்னொரு வலி. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தன் பட்டியலிலுள்ள 21 குறைபாடுகளில் மல்ட்டிபிள் ஸ்க்ளீரோசிஸையும் சேர்த்திருக்கிறது. பாதிப்பு 40 சதவிகிதம் அல்லது அதற்கு மேல் என்று சான்று கிடைத்தால், உயர்கல்வி இட ஒதுக்கீடு உள்ளிட்ட சலுகைகளைக் கோரலாம். 1985 முதல் இயங்கும் ‘மல்ட்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா’வுக்குச் சென்னையிலும் கிளை இருக்கிறது. இதே வலியோடு வாழ்கிறவர்களிடம் பேச நினைப்பவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.