தேர் வர்றப்ப மட்டும் அகலமாகிற தெரு

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு டாபிக், தெரு. ஸ்ரீரங்கத்துலயும் திருச்சி மலைக்கோட்டையைச் சுத்தியும் இருக்கிற தெருக்கள். ரோடு போடுறது, கல் பதிக்கிறது, வண்டி நிறுத்துறது, இந்த மூணும் ஏன் எப்பப் பார்த்தாலும் சண்டையாவே இருக்குன்னு பேசப் போறோம்.

ஸ்ரீரங்கத்துல ஆரம்பிக்கலாம். கோயிலுக்கு ஏழு பிராகாரம்னு எல்லாருக்கும் தெரியும். அதுல வெளியே இருக்கிற மூணு சுற்றும் ஊருதான். உள்ளேருந்து வெளியே வந்தா உத்திர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் வீதி. ஜனங்க குடியிருக்கிற, கடை நடத்துற, ஸ்கூல் வேன் வந்து போற தெருக்கள். தைத்தேர் உத்திர வீதிகள்ல ஓடும். சித்திரைத் தேர் சித்திரை வீதிகள்ல ஓடும்.

தேர் ஓடுறதுக்கு முன்னாடி ஒரு தேரோடும் வீதியில என்னெல்லாம் நடக்கும்னு யோசிச்சுப் பாருங்க. கடை முன்னாடி இழுத்துக் கட்டின தகரம், படுதா எல்லாம் பிரிப்பாங்க. நிக்கிற வண்டியை எடுக்கச் சொல்வாங்க. பள்ளத்தை அடைப்பாங்க. குறுக்கே தொங்குற கேபிளை அவிழ்ப்பாங்க. தேர் வர்ற நேரம் கரண்டை நிறுத்துவாங்க. தேர் ஓடுற எந்த ஊர்லயும் ஏறக்குறைய இதே லிஸ்ட்தான். அதாவது, தெருவோட அகலம், தலைக்கு மேல இருக்கிற உயரம், காலடியில இருக்கிற தரை, மூணையும் தேர் ஒரே நாள்ல சோதிச்சுடும். அந்த நாளைத் தள்ளிப்போடவும் முடியாது. அதனாலதான் வேலை நடக்குது.

உயரம்னு சொன்னேன்ல, அது சாதாரண விஷயம் இல்ல. 2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூர் பக்கத்துல களிமேடு கிராமத்துல அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில உரசி 11 பேர் இறந்துபோனாங்க. ரோடு புதுசாப் போட்டதுல தரை உயர்ந்துபோச்சு, அதுவும் ஒரு காரணம்னு அப்போ ஊர்ல பேசினாங்க. மேல போற கம்பி அப்படியே இருக்கும். கீழ ரோடு கொஞ்சம் கொஞ்சமா ஏறிக்கிட்டே வரும். யாரும் அதை அளந்து பார்க்க மாட்டாங்க.

அடுத்து தரை. தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. திருவாரூர் ஆழித்தேருக்கு நம்ம திருச்சி பெல்லுல ஹைட்ராலிக் பிரேக் செஞ்சு மாட்டினாங்க. அப்படிப்பட்ட தேரையே திருப்பணும்னா இன்னைக்கும் சக்கரத்துக்கு அடியில முட்டுக்கட்டை போட்டுத்தான் ஆகணும். சக்கரம் மெதுவான இடத்துல இறங்கிட்டா அவ்வளவுதான், தேர் நின்னுடும். எந்த இடம் மெதுவா இருக்கும்? பாதாள சாக்கடைக்கோ குடிநீர்க் குழாய்க்கோ தோண்டி மூடின இடம். தோண்டின மண்ணை ஒரு சாண் உயரத்துக்குக் கொட்டி, தண்ணி தெளிச்சு, இடிச்சு, அதுக்கு மேல அடுத்த சாண்னு நிரப்பணும். நடக்கிறது என்னன்னா, மொத்த மண்ணையும் ஒரேயடியாத் தள்ளி, மேல மேடு மாதிரி விட்டுட்டுப் போயிடுவாங்க. 'லாரி போகப்போகத் தானா அமுங்கிடும்'னு ஒரு நம்பிக்கை. அமுங்கத்தான் செய்யும், முதல் மழையில, ஒரு ஸ்கூட்டி முன்சக்கரம் இறங்குற அளவுக்கு.

இப்போ ரோடு உயர்ற கதைக்கு வருவோம், ஏன்னா வீடுகளுக்குள்ள தண்ணி வர்றதுக்கு இதுதான் காரணம். தார் ரோடு மேல தார் ரோடு போடுறப்போ ஒரு தடவைக்கு 4 சென்டிமீட்டர்னு வச்சுக்குவோம். அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவைன்னா, 30 வருஷத்துல 24 சென்டிமீட்டர். ஒரு வீட்டுப் படியோட உயரத்தை விட ஜாஸ்தி. பழைய திண்ணை வீடுகளுக்கு முன்னாடி நின்னு பாருங்க, அடிப்படி எங்கன்னு தேட வேண்டியிருக்கும். தெருத்தண்ணி வாசலுக்கு வரும். வீட்டுக்காரர் என்ன செய்வார்? வாசலை உயர்த்துவார். உயர்த்தின வாசலுக்கு பைக் ஏத்தணுமே, தெருவுக்குள்ள நீட்டி ஒரு சாய்தளம் போடுவார். பக்கத்து வீட்டுக்காரரும் போடுவார். இப்போ ஓரமா நடக்க முடியாது. நடக்க முடியாத ஓரத்துல வண்டி நிக்கும். நாம அதைப் பார்த்துட்டு 'ஜனங்களுக்குப் பொறுப்பே இல்ல'ன்னு சொல்லிட்டுப் போறோம். ஆக்கிரமிப்புன்னு நாம சொல்றதுல பாதி, ரோடு போட்ட விதத்துக்கு ஜனங்க கொடுத்த பதில்.

இதுக்குத் தீர்வு தெரியாம இல்ல. பழைய தாரைச் சுரண்டி எடுத்துட்டு, எடுத்த அளவுக்கே புதுசாப் போடணும். 2021-ல தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு, ரோட்டைச் சுரண்டிட்டுத்தான் போடணும், மட்டம் உயரக்கூடாதுன்னு அதிகாரிகளுக்கு எழுத்துலயே அறிவுறுத்தினார். பெரிய ரோடுகள்ல அந்த மெஷினைப் பார்க்க முடியுது. குறுகலான சந்துல அது திரும்பாது. கான்கிரீட் ரோடுன்னா சுரண்டுறது இன்னும் கஷ்டம், பெரும்பாலும் உடைச்சுத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அதனால சின்னத் தெருக்கள்ல இன்னும் மேல மேலதான்.

வேடிக்கை என்னன்னா, மதிலுக்கு உள்ளேயே இதைச் சரியா செஞ்சு காட்டியிருக்காங்க. 2015 குடமுழுக்குக்கு முன்னாடி ஸ்ரீரங்கம் கோயில்ல நடந்த திருப்பணியில, மழைநீர் வெளியேறுற பழைய வழிகளை மறுபடி உயிர்ப்பிச்சாங்க. அந்தப் பணிக்கு 2017-ல யுனெஸ்கோவோட ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைச்சது. தண்ணி முன்னாடி எந்த வழியாப் போச்சுன்னு தேடினாங்க, அவ்வளவுதான் சூட்சுமம்.

சிலர், 'தார் எதுக்கு, பேவர் பிளாக் பதிச்சிடலாமே'ன்னு கேட்பாங்க. நல்ல பொருள்தான். குழாய் ரிப்பேர்னா கல்லைப் பேர்த்து எடுத்துட்டு அதையே திரும்பப் பதிக்கலாம். ஆனா கல்லுக்குப் பலம் கீழ இருக்கிற ஜல்லிப் படுகையும் ரெண்டு ஓரத்துல பிடிச்சு நிக்கிற கட்டும்தான். ஓரக்கட்டு இல்லன்னா கல் மெல்ல விலகும். பி.ஐ.எஸ். தரப்படி லேசான வண்டி போற இடத்துக்கு 60 மில்லிமீட்டர் கனம், நடுத்தரப் போக்குவரத்துக்கு 80. மெல்லிசான கல்லைப் பதிச்சுட்டு அதுல தண்ணி லாரி விட்டா, பழி கல்லு மேல விழும்.

சரி, காவிரியைத் தாண்டி மலைக்கோட்டைக்கு வருவோம். இங்க முக்கியமான சண்டை பார்க்கிங். மேலப்புலிவார்டு ரோடு, கீழப்புலிவார்டு ரோடு தெரியும்ல? புலிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, ஆங்கிலத்து 'பொலிவார்டு' தமிழ்ல புலியாச்சு. பழைய கோட்டை மதிலும் அகழியும் இருந்த இடத்துல வந்த ரோடுகள் அவை. மெயின்கார்டு கேட் மட்டும் கோட்டை வாசலா மிச்சம். அப்படின்னா உள்ள இருக்கிற பெரிய கடை வீதி, சின்னக்கடை வீதி எல்லாம் ஒரு கோட்டைக்குள்ள நடக்கிறவங்களுக்காக உருவான தெருக்கள். காருக்கு அங்க இடம் எப்பவுமே இருந்ததில்ல.

ஸ்மார்ட் சிட்டி திட்டத்துல மேலப்புலிவார்டு ரோட்டுல பல அடுக்கு வாகன நிறுத்துமிடம் கட்டினாங்க. கட்டிடம் தேவைதான். ஆனா கடை வாசல்ல நிறுத்தக் காசு கிடையாது, கட்டிடத்துல காசு, அப்புறம் நடக்கவும் வேணும். நீங்க எதைத் தேர்ந்தெடுப்பீங்க? டொனால்ட் ஷூப்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர், 2005-ல இலவச பார்க்கிங்கோட விலையைப் பத்தி ஒரு பெரிய புத்தகமே எழுதினார். அவர் சொன்னது சிம்பிள்: தெருவோர இடத்துக்குத்தான் அதிக மதிப்பு, அதனால அங்கதான் காசு அதிகமா இருக்கணும், எந்த நேரமும் ஒண்ணு ரெண்டு இடம் காலியா இருக்கிற அளவுக்கு. நம்ம ஊர்ல இது தலைகீழ்.

ஒரு கார் நிக்க 5 மீட்டருக்கு 2.5 மீட்டர், அதாவது 12.5 சதுர மீட்டர் வேணும். அதே இடத்துல ஆறு டூவீலர் நிக்கும். அந்த ஆறும் யாரோடதுன்னு கவனிங்க. காலையில கடை திறக்கிறப்போ வந்து ராத்திரி ஷட்டர் இறக்குற வரைக்கும் நிக்கிறது பெரும்பாலும் கடையில வேலை பார்க்கிறவங்க வண்டி. புடவை எடுக்க வந்தவங்க ஒரு மணி நேரத்துல போயிடுவாங்க. என் அபிப்பிராயம், முதல்ல ஊழியர் வண்டிகளுக்குக் குறைஞ்ச கட்டணத்துல மாசப் பாஸ் போட்டு அடுக்கு நிறுத்தத்துக்கு அனுப்பணும். அதுக்கப்புறம் வாடிக்கையாளர் கிட்ட பேசலாம்.

இடம் பிடிக்கிறாங்கன்னு எப்பவும் முதல்ல கைகாட்டப்படுறது தரைக்கடை அண்ணன்களையும் அக்காக்களையும். 2014 தெரு வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிச்சு சான்றிதழ் கொடுக்கிற வரைக்கும் ஏற்கெனவே இருக்கிறவங்களை அப்புறப்படுத்தக் கூடாது. தரைக்கடையை எடுத்த இடத்துல ஜனங்க நடந்தாலாவது ஒரு நியாயம் இருக்கும். அங்க பைக் வரிசை வந்து நின்னா யாருக்கு என்ன லாபம்?

ஒரு நேயர் வாய்ஸ் நோட்ல கேட்டிருந்தாங்க: "மதுரையில மீனாட்சி கோயிலைச் சுத்தி சித்திரை வீதிகள்ல வண்டியே விடுறதில்லையே, ஸ்ரீரங்கத்துலயும் அப்படியே பண்ணா என்ன?" நல்ல கேள்வி. ஆனா ஸ்ரீரங்கத்துல அந்த வீதிகளே குடியிருப்பு. எழுபது வயசு பாட்டியை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போகணும்னா ஆட்டோ வாசலுக்கு வந்தாகணும். அதனால முழுத் தடை சரிப்படாது. குடியிருக்கிறவங்களுக்கு அனுமதி, மார்கழியில வர்ற ஐயப்ப பக்தர்களோட வேன், பஸ்ஸெல்லாம் வெளியே, உள்ள நடக்க முடியாதவங்களுக்கு பேட்டரி வண்டி. இந்த அளவுக்குப் பிரிச்சுத்தான் யோசிக்கணும். அதை அமல்படுத்தணும்னா போலீஸும் மாநகராட்சியும் ஒரே நாள்ல, ஒரே தெருவுல வேலை செய்யணும். தேர் அன்னைக்கு அது நடக்குதே!

உங்க தெருவுல அடுத்த தடவை ரோடு போட ஜல்லி வந்து இறங்கினா, ஒரு இன்ச் டேப் எடுத்துக்குங்க. வீட்டு அடிப்படியில இருந்து ரோடு வரைக்கும் அளந்து, டேப்போட ஒரு போட்டோ, தேதி தெரியுற மாதிரி. சுரண்டுற மெஷின் எப்போ வரும்னு வேலை பார்க்கிற மேஸ்திரியையும் வார்டு கவுன்சிலரையும் கேளுங்க. ரோடு போட்டதும் மறுபடி அளங்க. ரெண்டு நம்பரையும் எங்களுக்கு அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல தெருப் பேரோட வாசிக்கிறோம்.