ஒரு துளி இரும்பு

பெருமாநல்லூரைச் சுற்றியுள்ளவர்களுக்குச் சாயத்தின் அருமை தெரியும். பனியன் துணியில் ஒரு நிறத்தைச் சரியாகப் பிடிக்க எத்தனை கலவை, எத்தனை சூடு, எத்தனை அலசல்! அப்படிப் பிடித்த நிறமும் சில வருடத் துவைப்பில் வெளுக்கிறது. இதே மண்ணில், வெளுக்காத சாயம் ஏற்றிய ஒரு கை உண்டு.

நம்மூரிலிருந்து கிழக்கே ஊத்துக்குளியைத் தாண்டிப் போனால் நொய்யலின் வடகரையில் கொடுமணல். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985-ல் அங்கே அகழாய்வைத் தொடங்கியது. பேராசிரியர் கா. ராஜன் அந்த ஊருக்காகப் பல ஆண்டு உழைத்தவர். மண்ணுக்குள் கிடந்தது கல்மணிகளின் பட்டறை: உடைத்த கல், பாதி தேய்த்த மணி, துளையிடாத மணி, முடித்து மெருகேற்றிய மணி என எல்லா நிலையிலும் கிடைத்தன. பச்சைக்கல், நீலக்கல், பளிங்கு, செவ்வந்திக்கல், சூதுபவளம். பதிற்றுப்பத்து பெயர் சொல்லும் கொடுமணம் இதுவே என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

இந்த நிறங்கள் எங்கிருந்து வந்தன? காங்கேயத்துக்குப் பக்கத்துப் படியூரில் கிடைக்கும் பச்சைக்கல்லான பெரில், தூய்மையாக இருந்தால் நிறமே இல்லாதது. துளி இரும்பு சேர்ந்ததும் கடல்நீர் நிறம் கொள்கிறது. நீலக்கல்லில் அதே இரும்பு டைட்டானியத்தோடு கூடி ஆழ்ந்த நீலமாகிறது. நிறமற்ற பளிங்கில் இரும்பு புகுந்து, சுற்றியுள்ள பாறையின் இயற்கைக் கதிர்வீச்சும் படும்போது செவ்வந்திக்கல்லின் ஊதா பிறக்கிறது. சூதுபவளத்தின் சிவப்பும் இரும்பே. சூடுபட்டால் அது இன்னும் சிவக்கிறது. கடல்நீர், நீலம், ஊதா, சிவப்பு எல்லாவற்றிலும் படைத்தவன் சேர்த்த பொது உலோகம் ஒன்றே. அதுவும் கண்ணுக்குத் தெரியாத அளவு. நினைக்கும்போதெல்லாம் கைகூப்பத் தோன்றுகிறது.

கொடுமணல்காரர்கள் இரும்பையும் உருக்கினார்கள். அந்த உலைகளும் கிடைத்திருக்கின்றன. கையிலிருந்த மணியின் நிறமும் அந்த இரும்புதான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

இன்று உலகெங்கும் கைவினைஞர்கள் பல நாட்டுப் பழைய மணிகளைத் தேடி ஒரே மாலையாகக் கோக்கிறார்கள். பல நாட்டுக் கற்கள் ஓரிடத்தில் சேர்வது கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. சூதுபவளத்துக்கான கல் குஜராத் பக்கமிருந்தும், லாபிஸ் லசூலி ஆப்கானிஸ்தான் மலைகளிலிருந்தும் இந்த நொய்யல் கரைக்கு வந்தன. இங்கிருந்து போனதும் உண்டு. பெரிலுக்குத் தாயகம் இந்தியா என்றும், வேறெங்கும் அது அரிது என்றும் முதல் நூற்றாண்டில் எழுதிவைத்தார் ரோமானியர் பிளினி. கொடுமணலுக்கு அருகிலுள்ள கத்தாங்கண்ணியில் ரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைத்ததில் வியப்பென்ன?

எனக்குப் பெரிய வியப்பு துளைதான். பெரில் குவார்ட்ஸைவிடக் கடினம். நீலக்கல் அதைவிடவும் கடினம், வைரத்துக்கு அடுத்த வரிசையில் நிற்பது. இத்தகைய கற்களில் நூல் நுழையும் அளவு நேர்த்துளை போட்டவர்களுக்குக் கொடுத்த பொறுமையும் படைப்பின் அதிசயங்களில் ஒன்றென்றே நம்புகிறேன்.

நொய்யல் கரைக் காடுகளில் மழைக்குப் பிறகும் உழவிலும் பழைய மணிகள் மேலே வருவதுண்டு. கிடைத்தால் வியாபாரியிடம் கொடுத்துவிடாதீர்கள். கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள். இடம் தெரியாமல் போன மணிக்கு வரலாறு இல்லை.